மூன்று கிண்ணம் தட்டப்பயறு

என் மரகதத்துக்கு,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். நம் வீட்டுக் குக்கரை எனக்குத் திறக்கத் தெரியவில்லை.

நீ போனதிலிருந்து இரண்டு வருஷமாக மூடியே கிடந்த குக்கர். போன வியாழக்கிழமை காலையில் அதன் மூடியைப் பிடித்து இழுத்தேன், திருகினேன், கடைசியில் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு மல்லுக்கு நின்றேன். அந்தக் கோலத்தில்தான் பக்கத்து வீட்டுச் செல்வி என்னைப் பார்த்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறவள்.

"அண்ணாச்சி, அது என்ன பாவம் செஞ்சிச்சு? இப்படிக் கழுத்த நெரிக்கியளே" என்றாள். உள்ளே வந்து, மூடியைச் சாய்த்து ஒரு திருப்பு திருப்பினாள். கையோடு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் லைன் வீடு முழுக்கச் செய்தி போய்விட்டது. ஒரு டன் துணி கொள்ளும் சாய மெஷினைத் திறக்கிற மாஸ்டருக்கு மூன்று லிட்டர் குக்கர் திறக்க வரவில்லையாம். மாடி வீட்டுக்காரர் இன்றைக்கும் என்னைக் கண்டால் விசில் அடிக்கிறார்.

இருபத்தாறு வருஷம் உன் சமையலைச் சாப்பிட்டவனின் லட்சணம் இது. இதை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. என்னை மாதிரி ஆட்கள் நம் ஊரிலேயே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் கொஞ்சம் கூச்சப்படட்டும்.

எதற்காகக் குக்கரைத் தொட்டேன் என்று கேட்கிறாயா? சொல்கிறேன், கேள். நம் நித்யா மாசமாக இருக்கிறாள். ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. முகத்தில் அப்படியே உன் களை வந்துவிட்டது. நீ அவள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுப் போனாய், இதைப் பார்க்கவில்லை. வளைகாப்பு அடுத்த மாதம். அது முடிந்ததும் முறைப்படி நாம்தானே அவளைக் கூட்டி வர வேண்டும்? அங்கேதான் சிக்கல் வந்தது.

போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டுச் சுகர் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மாசமாக இருக்கும்போது சிலருக்கு வருமாம், பிரசவத்தோடு போய்விடுமாம். அதுவரை சோற்றைக் குறைத்து, பயறும் காய்கறியுமாகச் சாப்பிட வேண்டும். இது தெரிந்த மறுநாளே அவிநாசிபாளையத்திலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. மொதப் பிரசவம் தாய் ஊட்லதான்னு தெரியாதவ இல்லீங்க நானு. ஆனா அங்க பொம்பள ஆளு யாரு இருக்கறாங்க? நீங்களே மெஸ்ஸுலதான் சாப்பிடறீங்க. புள்ளைக்குச் சுகரு வேற. வளைகாப்பு போட்டு இங்கயே வெச்சுக்கறமுங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அன்றைக்கே நித்யா கூப்பிட்டாள். அழவெல்லாம் இல்லை. அவள் உன் மகள், சுலபத்தில் அழ மாட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏம்ப்பா, அம்மா போயிட்டா எனக்குத் தாய் ஊடும் போயிருமாப்பா?"

மரகதம், நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? எனக்குச் சட்டென்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "எங்க போகுது? ஞாயித்துக்கெழம உங்கத்தையக் கூட்டிக்கிட்டு வா கண்ணு. மத்தியானச் சாப்பாடு நம்மூட்ல." போனை வைத்த பிறகுதான், நம் வீட்டில் உப்பு இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது என்று உறைத்தது.

பயறும் காயும் என்றுதானே டாக்டர் சொன்னார்? தட்டப்பயறு வாங்கினேன். முந்தின நாளே ஊறப் போட்டேன். செல்வி குக்கரைத் திறந்து கொடுத்த பிறகு மூன்று விசில் விட்டு இறக்கினேன். காய்களை நாலு தண்ணீரில் கழுவினேன். கழுவுவதில் சாயப்பட்டறைக்காரனை மிஞ்ச ஆள் கிடையாது. வெள்ளரிக்காய், கேரட், வெங்காயம், பீட்ரூட் எல்லாம் பயறு அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்கினேன். ஒரு விரல் மட்டும் லேசாகப் பட்டது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பிறகு செய்தேன் பார் ஒரு காரியம். சாயத் தொட்டியில் உப்பைப் போட்டால்தான் சாயம் பருத்தியைக் கெட்டியாகப் பிடிக்கும். ஒன்பதாவது பெயிலான எனக்கு இந்த உலகத்தில் உறுதியாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். பீட்ரூட் சாயம் விடுமே, அதை விடாமல் பிடித்து வைக்க என்ன வழி? ஒரு கைப்பிடி உப்பை எடுத்து பீட்ரூட் மேல் தூவினேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து மூடி வைத்துவிட்டு, மாஸ்டர் தோரணையில் குளிக்கப் போனேன்.

வந்து திறந்தால் வெள்ளரி, கேரட், வெங்காயம், பயறு அத்தனையும் ஒரே ஷேடு. அடியில் சாயத்தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. சொன்னால் நம்ப மாட்டாய், இவ்வளவு சீராக ஒரு லாட் துணிகூட எனக்கு விழுந்ததில்லை.

செல்வி எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, பயறையும் சாயத்துல முக்கியாச்சா? எந்த நாட்டுக்கு அனுப்பப் போறிய?"

"உப்புப் போட்டா சாயம் புடிக்கும் செல்வி."

"துணிக்குப் புடிக்கும். காயில உப்பப் போட்டா அது தண்ணியாக் கக்கும். அக்கா ஊறுகா போடும்போது நீங்க பாத்ததே இல்லியா?"

நான் எங்கே பார்த்தேன்? நீ போட்டாய், நான் தொட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் நமக்குள் ஊறுகாய் சம்பந்தம்.

உப்பும் எலுமிச்சையும் சேர்ப்பது சாப்பிடப் போகும்போதுதான், பீட்ரூட் எல்லாவற்றுக்கும் கடைசியில், கலக்காமல் மேலே என்று செல்வி சொல்லிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை செய்தேன், வாயில் வைக்க முடிந்தது. சனிக்கிழமை செய்தேன், செல்வி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். எனக்கு வந்த தெம்பைச் சொல்லி முடியாது. வேலையில் இருக்கும்போதே அடுத்து எதைச் சேர்க்கலாம் என்று யோசனை ஓடுகிறது. பாய்லர்காரரைப் பிடித்து நிறுத்தி, வறுத்த நிலக்கடலையை முழுசாகப் போடலாமா உடைத்துப் போடலாமா என்று கேட்டேன். மாஸ்டருக்கு உடம்புக்கு என்னவோ என்று அவர் லேபில் போய்ச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை இறக்கிவிட்டு வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார், விவரமான பையன். சம்பந்தியம்மா வீட்டைச் சுற்றி வந்தார். குளியலறையில் தரை வழுக்குகிறதா என்று காலால் தேய்த்துப் பார்த்தார். நித்யா படுக்கப் போகும் கட்டிலை அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு சேரை இழுத்து அடுப்படி வாசலிலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். "செய்யுங்கண்ணா, பாக்கறேன்" என்றார். எந்த ஆடிட்டுக்கும் எனக்கு இப்படி வேர்த்ததில்லை.

குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் காய் நறுக்கினேன். பயறை வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி ஆற விட்டேன். அது ஆறுகிற நேரத்தில் நிலக்கடலையை வறுத்துத் தோலை ஊதினேன். மொத்தம் அரை மணிகூட ஆகவில்லை. மரகதம், இவ்வளவு சீக்கிரம் முடிகிற சமையல் ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருந்தால் முன்பே கற்றிருக்கலாமே.

மூன்று கிண்ணத்தில் மூன்று விதமாகக் கலந்தேன். ஒன்றில் வெள்ளரி, தக்காளி, வெங்காயம், மிளகு. இரண்டாவதில் துருவிய மாங்காயும் தேங்காயும். மூன்றாவதில் கேரட், கொத்தமல்லி, உடைத்த நிலக்கடலை, மேலே மட்டும் பீட்ரூட். மூன்றிலும் கடைசியாக உப்பு, எலுமிச்சைச் சாறு. ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் ஏ, பி, சி என்று எழுதிய துண்டுச்சீட்டு வைத்தேன்.

"இதென்னுங்கண்ணா, பள்ளிக்கொடமா?" என்றார் சம்பந்தியம்மா.

நித்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இல்லீங்கத்தை, அப்பா கம்பெனியில இப்படித்தான். துணி வாங்கற பையர் கேட்ட கலர மூணு துண்டுத் துணியில போட்டு அனுப்புவாங்க. அதுல ஒன்ன அவங்க ஓகே பண்ணுனாத்தான் வேலையே ஆரம்பிப்பாங்க."

"அப்ப நாந்தான் பையருங்களா?" என்று கேட்டுவிட்டு, சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார் பார். அசல் பையர்கூட அப்படி உட்கார மாட்டார்.

ஏ கிண்ணம்: "உப்புப் பத்தலீங்க." பி கிண்ணம்: "மாங்கா நல்லாத்தான் இருக்குது. தேங்காய எதுக்குங்க இத்தன? கொறைங்க." சி கிண்ணத்தை வாங்கினார். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், கிண்ணம் காலியாகிவிட்டது. "பயறு கொழையாம இருக்குது" என்று மட்டும் சொன்னார். நித்யா இரண்டு தட்டு சாப்பிட்டாள். ஒரு பிடி பிடித்தாள் என்றே சொல்லலாம்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சுகர் பார்க்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் எனக்கு இரண்டு நாள். ஏறிவிட்டால் அத்தோடு கதை முடிந்தது, நித்யாவுக்குப் பிரசவம் அங்கேதான். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "ஏனுங்கண்ணா, உக்காருங்க. உங்களுக்கா பிரசவம்?" என்றார் சம்பந்தியம்மா.

நித்யா குத்தினாள். மெஷினில் எண் வந்தது. சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே வாங்கி இரண்டு தடவை பார்த்தார். டாக்டர் சொன்ன அளவுக்குள்ளேதான் இருந்தது, மரகதம். வெளியே போய் செல்வி வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் உள்ளேயிருந்தே கை தட்டினாள்.

நான் திரும்பி வந்தபோது சம்பந்தியம்மா மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"எங்கம்மா நாங் கல்யாணம் பண்ணிப் போன வருசமே செத்துப்போயிட்டாங்க. வளைகாப்பன்னிக்கு எங்கய்யன் வருவாரு, கூட்டிட்டுப் போவாருன்னு பொழுது சாயற மட்டும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தனுங்க. வரலீங்க. வந்தா மட்டும் என்ன செஞ்சிருப்பாரு? அடுப்படிப் பக்கம் எட்டிப் பாத்த மனுசர் இல்லீங்க. பெத்ததெல்லாம் மாமியா ஊட்லதான். நீங்களும் அப்படித்தான் இருப்பீங்கன்னு நெனச்சுப் போட்டேன்."

நித்யா போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "வளைகாப்பு முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்கண்ணா. பயறு கடையில வாங்காதீங்க, எங்க தோட்டத்துல இருந்து குடுத்தனுப்பறேன். நடுவுல பத்து நாளு நானும் வந்து இருந்துக்கறேன். எனக்கும் சுகருதானுங்க."

அதனால் மரகதம், உன் மகள் வீட்டுக்கு வருகிறாள். அவள் இங்கே இருக்கும் நாளெல்லாம் அவள் தட்டை நான்தான் வைப்பேன், கழுவுவதும் நான்தான். செல்வியிடம் கேட்டுக் கேட்டு அதற்குள் ரசம் வரைக்குமாவது வந்துவிடுவேன். அம்மா இல்லாத வீடு என்று அவள் ஒரு நாளும் கேட்கும்படி வைக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. சாயங்காலம் மாப்பிள்ளை கொண்டு வந்த காரில் ஏறும்போது சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பி, "அண்ணி குடுத்து வெச்சவங்கண்ணா. இப்படிப் பாத்துப் பாத்துச் செய்யற ஊட்டுக்காரரு யாருக்குக் கெடைப்பாங்க?" என்றார். நித்யா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"இல்லீங்க தங்கச்சி, அவ முடியாமப் படுத்தப்பக்கூட ஒரு டம்ளர் சுடுதண்ணி நான் வெச்சுக் குடுத்ததில்லீங்க" என்று அவரிடம் சொல்லவில்லை.

உன் மாமன்