குளியலறையில் விழுந்த மாமா

மார்ச் 3

படித்த மருமகளுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். முதியோர் நலப் படிப்பில் நீ சேர்ந்த உடனே உன் அம்மாவிடம், "இவ முதல்ல என்னைத்தான் கிழவனாக்கப் போறா, பாத்துக்கோ"ன்னேன். ஆக்கிவிட்டாய்.

படிப்புப் பயிற்சிக்கு ஒரு முதியவரைப் பேட்டி எடுக்க வேண்டும் என்று வந்தாய். என் நாற்காலியில் உட்கார்ந்து, என் காபியைக் குடித்துவிட்டு, "தனியாக வாழ இயலாதவர்" என்று எழுதி அம்மாவிடமும் காட்டியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து என் வீட்டைப் பூட்டி, என்னை முதியோர் இல்லத்தில் தள்ளப் போகிறாளாம். நாற்பது மாடிக் கட்டடத்தில் கயிறு அறுந்த லிஃப்டை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்திய மெக்கானிக் நான். என்னைக் குளிப்பாட்ட ஆள் வேண்டுமா?

கோபம் தணியாத,
தாய்மாமா

மார்ச் 6

மாமாவுக்கு,

போன தடவை அது இருபது மாடி. அதற்கு முன் பன்னிரண்டு.

நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன். குளியலறையில் வழுக்கி விழுந்து, விடியும்வரை எழ முடியாமல் கிடந்ததாகச் சொன்னது யார்? அதைக் கேட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்கவா இந்தப் படிப்பு? முதியவர் சொல்வதை நம்பு என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். நம்பியதற்கு ஏச்சு வாங்குகிறேன்.

அம்மா அழுது ஓய்ந்துவிட்டாள். பெட்டியைக் கட்டி வையுங்கள். வாசலில் நின்று வம்பு வளர்க்க எனக்கு நேரமில்லை.

மருமகள்

மார்ச் 9

மருமகளுக்கு,

லிஃப்ட் நின்றால் உள்ளே இருப்பவன் அலறுவதை நானும்தான் கேட்பேன். ஆனால் மேலே ஏறிக் கயிற்றைப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுத மாட்டேன். நீ குளியலறைக் கதவைத் திறந்தாயா? சுவரில் நானே பதித்த கைப்பிடியைப் பார்த்தாயா? என் முழங்காலில் ஒரு கீறலாவது தேடினாயா? இதைக்கூடச் சொல்லித் தராமல் என்ன கிழிக்கிறார்கள் உங்கள் கல்லூரியில்?

ஞாயிறன்று பூட்டோடு வந்தால், உள்ளிருந்து நானும் ஒரு பூட்டுப் போடுவேன். அம்மாவிடம் சொல்லிவிடு.

இன்னொன்று. சாப்பாடு, தூக்கம், மாத்திரை என்று போனைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தாய். எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். நீ நிமிரவே இல்லை. விழுந்தேன் என்றதும்தான் போனைக் கீழே வைத்து, "ஐயோ மாமா, ரொம்ப வலிச்சுதா?" என்று கையைப் பிடித்தாய். அதனால்தான் விடியும்வரை என்று நீட்டினேன்.

நான் விழவே இல்லை.

தாய்மாமா