ஷெரினுக்கு நான் செய்த ஆரஞ்சு சாஸ்

வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து நீ ஒருத்தியே பேசுவாயே, என் ரோசி அக்கா,

'நீ நலமா' என்று எழுதப் போய் நிறுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பழக்கிய கை, கடிதம் என்றால் அப்படித்தான் போகிறது. நாங்கள் இருக்கிறோம். காலையில் தேயிலை மலை முழுக்கப் பனி மூடியிருந்தது. இப்போது மதிய இடைவேளை. தானா ராத்தாவில் ஆபீஸ் மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். கொண்டுவந்த சோற்றை இன்னும் திறக்கவில்லை.

நீ இல்லை என்பதை உன் மகளிடம் சொல்லிவிட்டேன். அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சரியாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கும் நீதான் இருக்கிறாய், வேறு யாரும் இல்லை.

அன்று ஆம்புலன்ஸ் உன்னை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது ஷெரின் கை ஆட்டினாள், நினைவிருக்கிறதா? காய்ச்சல்தானே, திரும்பி வந்துவிடுவாய் என்றுதான் நாங்களும் இருந்தோம். ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து மெல்ல ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னார். அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "என்னாடி சொல்றாரு? சொல்லு." அந்த இரண்டு வாக்கியத்தையும் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லாததிலிருந்தே அம்மா தெரிந்துகொண்டார்.

அடக்கத்தன்று பக்கத்து வீட்டு மேரியம்மா ஷெரினைத் தூக்கிக்கொண்டு பிரிஞ்சாங் போய்விட்டார். மாலையில் அவள் திரும்பி வந்து, "அம்மா எங்க?" என்றாள். "ஈப்போவுல மருந்து சாப்புடுறாங்க" என்று அம்மா வாயில் வந்தது. அன்றிலிருந்து அதுவே வீட்டின் பதிலாகிவிட்டது. சட்டம் போட்டு வாங்கி வந்த உன் படத்தைக்கூட மாட்டவில்லை. அலமாரி மேல் துணி சுற்றிக் கிடக்கிறது.

இதற்கு மேல் தள்ள முடியாது என்று ஆனது ஞாயிறன்று வந்த உன் மாதப் பூசையால். பாதர் மைக்கில் உன் பெயரை வாசிப்பார். ஷெரினை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை சட்டையை அவளே எடுத்து வைத்துக்கொள்கிற பிள்ளை அது.

"கோயில்ல கேட்டு தெரிஞ்சிக்கிறதுக்கு முன்னால, வீட்டுலயே யாராச்சும் சொல்லிடணும்" என்றார் அம்மா.

உன் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "என்னால முடியாது அத்த. அவ மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் வராது லா" என்றார்.

"மெர்லின், நீ படிச்சவ. நீதான் சொல்லணும்."

இதையாம்மா எனக்குக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்க நினைத்தேன். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் முதல் டிகிரி என்னுடையது என்பதால், வாயால் செய்ய வேண்டிய கஷ்டமெல்லாம் என் தலையில்தான் வந்து விழுகிறது. நீ மட்டும்தான் என்னைச் சரியாகக் கண்டுபிடித்தவள். "பட்டம் வாங்குன ஊமை" என்பாய். வகுப்பில் எழுந்து பேச வேண்டிய நாளில் எனக்கு வயிற்று வலி வரும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய். சனிக்கிழமை காலையில் எனக்கு அதே வயிற்று வலி.

ஷெரினின் சாப்பாடு பற்றி உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். நீ போனதிலிருந்து சோற்றில் சோயா கிச்சாப்பு ஊற்றிப் பிசைந்து, அதிலும் பாதியை வைத்துவிடுகிறாள். கோழி பொரித்து வைத்தால் தொடுவதில்லை. "ஆரஞ்சு சாஸ் இல்லாம எப்புடி சாப்புடுறது?" என்று, நான் ஏதோ விவரம் தெரியாதவள் போலக் கேட்கிறாள். கடையில் பாட்டில் வாங்கி ஊற்றினேன். மோந்து பார்த்துவிட்டுத் தட்டை நகர்த்தினாள். "பரவால்ல சின்னம்மா. அம்மா வந்து செய்வாங்க. நான் வெயிட் பண்றேன்."

அத்தானின் முதலாளி சீனப் பெருநாளுக்கு இந்த ஆண்டும் ஒரு பெட்டி ஆரஞ்சு கொடுத்தனுப்பினார். யாரும் உரித்துத் தின்னவில்லை. பெட்டி டிவிக்குப் பக்கத்திலேயே கிடந்து தோல் சுருங்க ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் அதை அடுப்படிக்குத் தூக்கிப் போனேன். பிள்ளை வயிறு நிறையச் சாப்பிடட்டும், அதன் பிறகு சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பசியில் கேட்க வேண்டிய செய்தியா அது?

முதல் தடவை தோலைத் துருவும்போது உள்ளே இருக்கும் வெள்ளையையும் சேர்த்துத் துருவிவிட்டேன். ஒரே கசப்பு. இரண்டாவது தடவை கொதிக்கிற சாற்றில் சோள மாவை அப்படியே கொட்டினேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னாடி இது?"

"சாஸ்மா."

"ரோசி செஞ்சா கண்ணாடி மாதிரி இருக்கும். நீ கொழுக்கட்டை புடிச்சி வெச்சிருக்க லா."

இருவரும் சிரித்துவிட்டோம் அக்கா. சிரித்த வேகத்திலேயே இருவரும் நிறுத்தினோம். அம்மா அடுப்பைப் பார்த்தார், நான் சட்டியைப் பார்த்தேன்.

"புளிப்புக்கு அவ என்னாம்மா போடுவா?"

"எனக்கென்னா தெரியும்? அவ சமைக்கிறப்ப நான் ஒக்காந்து கத கேட்டுக்கிட்டு இருப்பேன். அவ பேசுனதக் கேளு, ஒண்ணு விடாம சொல்றேன். போட்டதக் கேக்காத."

பெருநாள் ஆரஞ்சு வெறும் தித்திப்பு. சாற்றைப் பாதியாகச் சுண்டவிட்டு, சீனி, கொஞ்சம் வினிகர், அது போதாமல் கஸ்தூரி எலுமிச்சை இரண்டு பிழிந்தேன். நசுக்கிய பூண்டு, துருவிய இஞ்சி, விதை எடுத்த மிளகாய் ஒன்று, சில சொட்டுக் கிச்சாப்பு. இந்த முறை மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, தீயைக் குறைத்து, கிண்டிக்கொண்டே ஊற்றினேன். கலங்கலாக இருந்தது திடீரென்று தெளிந்து பளபளத்தது. மேல் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவிப் போட்டேன். வாசம் எழுந்து வீடு முழுக்கப் போனது. கரண்டியைத் தூக்கிச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு தட்டினேன்.

அந்தத் தட்டு உன்னுடையது. நான் தட்டினேன் என்பதே எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலாகக் காலடிச் சத்தம் ஓடி வந்தது. "அம்மா!"

ஷெரின் என்னைத் தாண்டிப் போனாள். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு எம்பி, பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். வெளியே கொடியில் ஈரத்துணி, அதற்கு அப்பால் பனி. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா எங்க ஒளிஞ்சிக்கிட்டாங்க?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "இப்ப சொல்லாத. சாப்புடட்டும்."

சாப்பிட்டாள் அக்கா. கோழித் துண்டை சாஸில் புரட்டிப் புரட்டிச் சாப்பிட்டாள். வாயைச் சுற்றி ஆரஞ்சு நிறம். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். எத்தனை நாளாக அதற்காகத் தவித்தோம்! பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"காரம் கம்மி" என்றாள் என்னிடம், ரகசியம் போல. "பரவால்ல. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்திருக்காங்கல்ல, டயர்டா இருப்பாங்க."

அந்த நேரம் பார்த்து அத்தான் வந்தார். திரிங்காப்பில் காய்கறி ஏற்றிக் கோலாலம்பூருக்கு அவர் ஓட்டிப் போன லோரி, அன்று சீக்கிரம் திரும்பிவிட்டது. செருப்பைக்கூட அவர் கழற்றவில்லை, இவள் எச்சில் கையோடு ஓடினாள். "அப்பா, அம்மா வந்துட்டாங்க! சாஸ் செஞ்சாங்க!"

வீட்டில் உன் வாசம்தானே இருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அத்தானும் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் முகத்தில் வந்ததையும் போனதையும் நான் பார்த்துவிட்டேன். அவரைக் குற்றம் சொல்லவில்லை அக்கா. அவர் வெளியே போய் லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

இனி ஒரு நிமிடம்கூடத் தள்ளக் கூடாது என்று தோன்றியது. அவள் கையைக் கழுவிவிட்டுத் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"பாப்பா, சாஸ் சின்னம்மாதான் செஞ்சேன்."

"பொய். ஒனக்கு முட்ட மட்டும்தான் பொரிக்கத் தெரியும்."

"இன்னிக்குக் கத்துக்கிட்டேன்."

"அப்ப அம்மா?"

இந்த இடத்துக்காக நான் நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். சொர்க்கம், சம்மனசு, சேசுவின் மடி. ஒன்றும் வரவில்லை. "அம்மா செத்துப் போயிட்டாங்க" என்றேன். எவ்வளவு கரடுமுரடாக இருந்தது தெரியுமா, என் காதுக்கே.

"மேரி பாட்டி பூனை மாதிரியா?"

"ம்."

"ஊசி போடலயா?"

"போட்டாங்க."

"மருந்து?"

"குடுத்தாங்க."

"அப்புறம் ஏன்?"

"தெரியல பாப்பா."

"சரி" என்றாள். எழுந்து போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான். அம்மா உள்ளே படுத்துக்கொண்டார். நான் சட்டியைத் தேய்த்தேன், அது பளிச்சென்று ஆன பிறகும் தேய்த்தேன்.

நேற்று பூசையில் பாதர் உன் முழுப் பெயரை வாசித்தார். ரோஸ்லின் என்றதும் இவள் என் கையை இழுத்து, "சின்னம்மா, அது எங்கம்மா பேரு!" என்று சத்தமாகச் சொன்னாள். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாலு பேர் பார்த்தாலே நான் எப்படி ஆவேன் என்று உனக்குத் தெரியும். தலையைக் குனியாமல், "ஆமா பாப்பா" என்றேன். அவளுக்கு ஒரே பெருமை. புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்தேன் அக்கா. முடித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

இன்று காலை அவளைத் தாடிகா பாலர் பள்ளிக்குக் கிளப்பும்போது, தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

"சின்னம்மா, இன்னிக்கும் ஆரஞ்சு சாஸ் செய்றியா?"

எனக்கு மனசு நிறைந்துபோனது. "செய்றேன் பாப்பா. கோழியா, மீனா?"

"எதுன்னாலும் சரி. ஆனா நெறைய செய்யி. வாசம் ஈப்போ வரைக்கும் போகணும்."

வாசலில் வேன் ஹார்ன் அடித்தது. நான் பதில் சொல்வதற்குள் பையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

காலையிலிருந்து அதுதான் எனக்குள் சுற்றுகிறது. நான் வேறு வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டுமா? பூனைக்கும் உனக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை எப்படிச் சொல்வது? செய்யாமல் விட்டால் மறுபடியும் கிச்சாப்புச் சோறு, அதிலும் பாதி. செய்தால், கதவு கதவாகத் திறந்து பார்ப்பாள். இரண்டில் எது அவளுக்கு நல்லது? நீ இருந்தால் யோசிக்காமல் ஏதாவது ஒன்றைச் சொல்வாய். அது தப்பாக இருந்தாலும் சத்தமாகச் சொல்வாய், எனக்குத் தைரியம் வந்துவிடும். நான் படித்த எதிலும் இதற்குப் பக்கத்தில் வருகிற ஒரு வரிகூட இல்லை.

இடைவேளை முடியப் போகிறது. முடிவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, என்னால் முடிந்ததை மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன். அவள் கேட்கும்போதெல்லாம் சாஸ் செய்வேன். இன்று சாயங்காலமும் செய்வேன். அவள் வயிறு காயக் கூடாது. செய்து தட்டில் ஊற்றிவிட்டு, நீ வரமாட்டாய் என்பதையும் சொல்வேன். நாளைக்குக் கேட்டால் நாளைக்கும் சொல்வேன். ஈப்போவில் இருக்கிறாய் என்று இனி என் வாயால் வராது. குரல் நடுங்கும்தான். அவள் நம்புகிற வரைக்கும், நான் நம்புகிற வரைக்கும், நடுங்கிக்கொண்டே சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவள்,
ஷெரினுடைய சின்னம்மா,
மெர்லின்