சிடியில் ஆறாவது பாட்டு

தாராவி, மும்பை
நவம்பர் 4

அன்பு மகன் பிரைட்டனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் அருளால் இங்கே இருவரும் சுகம். அப்பாவின் முட்டிவலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் வருகிறது, காரைப் பார்த்தால் போய்விடுகிறது. டொராண்டோ குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் என்றால் “சிக்னல் இல்லம்மா” என்று நழுவிவிடுவாயே.

நம் காரில் சிடி மட்டும்தான் பாடும், உனக்குத் தெரியும். நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் பாட்டுகளை வண்டியில் கேட்க ஆசைப்பட்டு, அப்பா சிடி போட்டுத் தரும் ராஹில் கடைக்குப் போய்த் தன் போனைக் கொடுத்திருக்கிறார். அவன் நீ அனுப்பியதையெல்லாம் பார்த்துவிட்டு, “சப் டாலூம் கியா, அங்கிள்?”, எல்லாவற்றையும் போடவா என்று கேட்டிருக்கிறான். இவரும் தாராளமாக “சப் டாலோ” என்றிருக்கிறார். அவனும் எல்லாவற்றையும் போட்டுவிட்டான். ஞாயிறு பூசை முடிந்து சேசம்மாள் பெரியம்மாவைச் செம்பூரில் விடப் போனோம். ஐந்து பாட்டு வரை அப்பா ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். ஆறாவதாக உன் குரல். “அப்பா, பார்மசி லைசென்ஸ் பரீட்சை ரெண்டாவது தடவையும் போச்சு. கிறிஸ்துமஸுக்கு நான் வரல. அம்மாட்ட சொல்லிராதீங்க, டீச்சர் மூஞ்சியில முழிக்க முடியாது.” அப்பா பதறி அணைக்கப்போய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டார். பெரியம்மா, “ஏட்டி ஜோஸ்பின், புள்ள எங்கன இருந்து பேசுதான்?” என்று டிக்கிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்பா “அது பழைய மெசேஜுல்லா” என்றார். எவ்வளவு பழசு என்று கேட்டேன். “போன செவ்வாக்கிழம” என்றார்.

மகனே, பரீட்சை போனதைவிட உன் கடைசி வார்த்தைதான் எனக்கு உறுத்தியது. என் வகுப்பில் முருகம்மாள் என்றொரு பிள்ளை, கணக்கு தப்பினால் பெஞ்சுக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். நானும் குனிந்து அங்கேயே சொல்லிக்கொடுப்பேன். நீ டொராண்டோவில் போய்ப் பெஞ்சுக்கடியில் உட்கார்ந்தால் நான் எப்படிக் குனிவது? இன்னொன்றும் கேள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மராத்திப் பரீட்சையில் நான் மூன்று முறை தவறினேன். அப்பாவிடம் ஒன்று என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன், நீயும் காட்டிக்கொடுக்காதே. ஆக, தவறியதில் இந்த வீட்டில் முதலிடம் இன்னும் எனக்குத்தான். பரீட்சையை மறுபடி எழுதிக்கொள்ளலாம். டிசம்பரில் வந்து இந்த டீச்சர் மூஞ்சியைப் பார், அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. டிக்கெட் போட்டதும் என் போனுக்கே சொல். அப்பாவுக்கு அனுப்பினால் அடுத்த சிடி வரும்வரை நான் காத்திருக்க வேண்டும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ஜோஸ்பின்