நாய்க்குப் பேர் இருந்தது

கே.கே. நகரில் டாக்டருக்காகக் காத்திருந்தபோது, அங்கே கிடந்த வாரப் பத்திரிகையைப் புரட்டினேன். வாடிப்பட்டிப் பக்கத்துக் கோட்டை பங்களாவின் படம் வந்திருந்தது. ‘மலையைக் கண்டுபிடித்த துரையின் மாளிகை’ என்று தலைப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ போய் ஒரு வருஷமாகிறது. இருந்திருந்தால் அந்தப் பத்திரிகையைக் கிழித்திருப்பாய்.

எழுபத்தொன்பதில் நாம் அங்கே போனோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரண்டு பேருக்கும் ஒரே ஞாயிறு லீவு கிடைப்பதே அபூர்வம். பொட்டல்காட்டு நடுவில், சீமைத் தேவாலயம் மாதிரி கூர்முனை ஜன்னல்கள், பல்வரிசை வைத்த கோபுரம். பார்த்ததும் நீ சிரித்தாய். “இந்த வெயில்ல இம்புட்டுக் கல்லையும் யாரு சுமந்தாகளோ?”

உள்ளே மேனேஜர் சுற்றிக் காட்டினார். “துரைதான் மொதமொதல்ல மலை உச்சிக்கு வழி கண்டுபிடிச்சது.”

“அப்ப அங்கன தேனெடுத்தவக எந்த வழியா ஏறுனாக?” என்று கேட்டாய். அவர் கூடத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கே சுவரில் ஒரு போட்டோ. நாற்காலியில் துரை, காலடியில் நாய், பின்னால் ஏழு பேர். கீழே எழுதியிருந்தது: ‘துரையும் அவரது நாய் டைகரும், சில கூலிகளும்.’

நீ ஓரத்தில் நின்றவரைத் தொட்டாய். அவருக்கு இடது காது இல்லை. “எங்க பூட்டன். கரடி கடிச்ச காது. இவருதான் துரைக்கு வழி காட்டுனாரு. பேரு பெரியகருப்பன், எழுதுங்க.”

“சாட்சி வேணும்மா.”

“நாயி என்ன சாட்சி குடுத்துச்சு?”

மேனேஜரின் முகம் கடுத்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டார். நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். உன் கையைப் பிடித்து இழுத்தேன். “வாடி, பஸ்ஸு போயிரும்.” பஸ்ஸில் நீ வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாய். அதன் பிறகு எத்தனை மனு எழுதினாய். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஒன்றில்கூட நான் கையெழுத்துப் போடவில்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன். நீ ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு நான் மட்டும் போனேன். போட்டோவுக்குப் புது ஃப்ரேம் போட்டிருந்தார்கள். அதில் துரை, நாய் இரண்டே பேர். பின்னால் நின்றவர்களை வெட்டிவிட்டார்கள்.

“ஃப்ரேமுக்கு அடங்கலம்மா” என்றார் மேனேஜர். அதே ஆள்தான், தலை மட்டும் நரைத்திருந்தது.

“வெட்டுன துண்டு எங்க?”

“மாடியில கெடக்கும்.”

“எடுத்துட்டு வாங்க. வர்ற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன்.” வாசல் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். சுற்றிப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் உன் பூட்டன் கதையைச் சொன்னேன். மத்தியானத்துக்கு மேல், வேறு வழியில்லாமல், அந்தத் துண்டைக் கொண்டுவந்தார். அதைப் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒட்ட வைத்தேன். கீழே ஓர் அட்டையில் பெரியகருப்பன் என்று அவர் கையாலேயே எழுத வைத்தேன்.

எழுதி முடித்து, பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார். “மத்த ஆறு பேரு பேரு?”

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இந்த ஞாயிறு மலையடிவாரத்து ஊர்களுக்குப் போகிறேன், வீடு வீடாகக் கேட்க.