மூடியில் ஒட்டிய தேதி

9 ஜூன்

அன்புள்ள மருமகளுக்கு அத்தை எழுதுவது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மேசையில் இருந்தவர்கள்: உன் மாமா, என் மகன், நீ, சின்னக்குட்டி, நான். வெள்ளரித் துண்டு தின்றது சின்னக்குட்டி மட்டும். சாயங்காலமே வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி. அங்கிருந்தே பிள்ளையோடு உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

கறி வெட்டிய பலகையிலேயே நீ வெள்ளரியையும் வெட்டினாய் என்று எல்லார் முன்னாலும் நான் சொன்னது பதற்றத்தில்தான். சின்ன வயது, கை தவறும். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. கிளம்பி வா. உனக்கும் சேர்த்துத்தான் தினமும் பிரார்த்திக்கிறேன்.

அத்தை

14 ஜூன்

அத்தைக்கு,

அந்தக் காயை நான் வெட்டவே இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். வெட்டிவைத்த வெள்ளரி டப்பா, மூடியில் ஒட்டிய சீட்டில் அன்றைய தேதி, உங்கள் கையெழுத்தில். அதிலிருந்துதான் குட்டிக்குக் கொடுத்தேன். அந்தச் சீட்டை நம்பித்தானே நம் வீடே சாப்பிடுகிறது? குட்டி இப்போதும் டப்பாவைக் கண்டால், "அது வேணாம்மா, வயிறு வலிக்கும்" என்கிறாள்.

வெட்டியது, கழுவியது எல்லாம் தினமும் குறித்துவைப்பீர்களே, அந்தச் சமையலறை நோட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை என்னை வா என்று கூப்பிடாதீர்கள்.

மருமகள்

18 ஜூன்

என் கண்ணே,

நோட்டைப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் பார்த்தேன். வியாழன், வெள்ளரி ஒன்று வெட்டியது. திங்கள், வெள்ளரி ஒன்று வெட்டியது. நடுவில் ‘டப்பா கழுவியது’ என்ற கட்டம் காலி.

மூன்று நாளுக்கு மேல் வெட்டின காய் இருக்கக்கூடாது என்று உனக்குச் சட்டம் போட்டவள் நான். வியாழக்கிழமைத் துண்டுகள் ஏழெட்டு டப்பாவின் அடியில் கிடந்தன. லேசாக வழவழப்பு. தூக்கிப்போட மனம் வரவில்லை. சாப்பாட்டை வீணாக்குவது பாவமாயிற்றே! அலசிவிட்டு, புதுசை அதன்மேலேயே கொட்டி, புதுச் சீட்டு ஒட்டினேன்.

"காய எப்ப வெட்டுனீங்க?" என்று டாக்டர் கேட்டாரே, அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் பழியை உன் தலையில் போட்டேன். போதாததற்கு, உன்னை மன்னிக்கிற மாதிரி கடிதம் வேறு!

நேற்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். உன் மாமா இப்போது எதை எடுத்தாலும் மோந்து பார்த்துத்தான் வாயில் வைக்கிறார். என் மகன் திட்டவில்லை. "என்கிட்ட சொல்லி என்னம்மா? அவகிட்ட சொல்லு" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனான்.

கடவுளிடம் மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தால் உன் முகம்தான் வருகிறது. நீ வராவிட்டாலும் உன்மேல் குறையில்லை. குட்டி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அதை மட்டுமாவது எழுது. சீக்கிரம் பதில் போடு.

அத்தை