வேலிக்கு அந்தப் பக்கம்

சுரங்கக் குடியிருப்பு,
ஜார்க்கண்ட்.
4.8.2024

அன்பு மாமாவுக்கு,

செல்வி எழுதுவது. நான் நலம். நீங்களும் அத்தையும் நலம்தானே? போனில் பேச ஆரம்பித்ததுமே, கட்டிக்கொண்ட உரிமையில் “வேலைய விட்டுட்டு வா” என்கிறீர்கள், நானும் பட்டென்று வைத்துவிடுகிறேன். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

போன வாரத்திலிருந்து என்னை நிலத்தடி ஷிப்டுக்கு உதவி மேலாளராகப் போட்டுவிட்டார்கள். இந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறங்கும் முதல் பெண் நான்தானாம். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதையா பயமா தெரியவில்லை. உங்கள் அரியலூர் சுண்ணாம்புக்கல் குழியை இனிமேல் என்னிடம் சுரங்கம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். தலைக்கு மேலே வெயில் அடிக்கிறது, கரையில் நின்று ஆடு எட்டிப் பார்க்கிறது, அதற்குப் பெயர் சுரங்கமா? இங்கே தலையில் விளக்கு, இடுப்பில் அவசர மூச்சுப் பெட்டி, சுற்றிலும் கரி. கூரை ஒழுங்காக நிற்கிறதா, காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நடப்பதுதான் என் வேலை. எனக்குப் பிடித்திருக்கிறது மாமா. படித்த படிப்புக்கு இப்போதுதான் பொருள் வந்தது மாதிரி இருக்கிறது.

ஒரே ஒரு தொல்லை. கீழே கழிவறை கிடையாது. இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பரீட்சைக்கு நீங்களும் நானும் மனப்பாடம் செய்ததுதான். ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிக்கொள்கிறார்கள். நான் என்ன செய்வது? மேலே ஏறி வருவதற்குள் பாதி ஷிப்ட் போய்விடும். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இறங்குகிறேன். இரண்டு நாள் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் இருந்தது, மாத்திரை போட்டதில் போய்விட்டது. இதை அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

உடையார்பாளையத்து முந்திரி வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசனை பிடித்து வந்து பாதியைத் தீர்த்துவிட்டார்கள்.

உங்கள்,
வெற்றிச்செல்வி


அரியலூர்,
15.8.2024

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், நீர்க்கடுப்பை மட்டும் விழுங்கிவிட்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அங்கே அரிசிச் சோறு கிடைக்கிறதா என்று மட்டும் கேட்டது. ஆடு எட்டிப் பார்ப்பது உண்மைதான். நேற்று ஒன்று வெடி வைக்கும் நேரத்தில் குழிக்குள் இறங்கிவிட்டது. அதை விரட்டுவதற்குள் ஃபோர்மேன் உத்தியோகமே போதும் என்றாகிவிட்டது.

நீ எழுதியதில் சந்தோஷம் தெரிகிறது. அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. ஆனாலும் சொல்கிறேன். எங்கள் குவாரி ஆபீஸில் திட்டப் பிரிவுக்குப் பொறியாளர் வேண்டுமாம். மேலாளர் அண்ணாதுரை சார் என்னைக் கூப்பிட்டு, உன் மனைவியைக் கேட்டுப் பாரேன் என்றார். தீபாவளி வரைக்கும் காத்திருப்பாராம். நாம் கல்யாணம் செய்துகொண்டது ஆளுக்கொரு மாநிலத்தில் தனித்தனியாகச் சோறு தின்பதற்கா? இங்கே வந்தால் சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வீட்டுக்கு வரலாம். நான் கேட்பது அவ்வளவுதான்.

தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. உடம்பு கெட்டால் அந்தச் சுரங்கமா வந்து பார்க்கப்போகிறது? மேலாளரிடம் கழிவறை வேண்டும் என்று வாய்விட்டுக் கேள்.

அன்புடன்,
அறிவரசன்


ஜார்க்கண்ட்,
28.8.2024

அன்பு மாமாவுக்கு,

கேட்டேன். மேலாளர் சிரித்தார். ஒரே ஒரு ஆளுக்காகக் கீழே எப்படியம்மா கட்டுவது, பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கிற வேகம் எனக்குத் தெரியும்.

ஆனால் என் பிரச்சினை தீர்ந்துவிட்டது, நீங்கள் கவலைப்படாதீர்கள். நான் சுற்றி வரும் வழியில் கரி எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு பழைய பாதை இருக்கிறது. உள்ளே தள்ளிப் போய்விட்டால் ஆள் நடமாட்டமே இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டு வந்துவிடலாம். இப்போதெல்லாம் தண்ணீர் நன்றாகக் குடிக்கிறேன், காய்ச்சலும் இல்லை.

அண்ணாதுரை சாரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். சேர்ந்து இருக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஞாயிற்றுக்கிழமை ஒருத்திக்காக மட்டும் குழம்பு வைக்கும்போது எனக்கும் அழுகை வருகிறது. ஆனால் கீழே இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போது நான் போய்விட்டால், பார்த்தாயா, பெண்ணுக்கு ஒத்துவராது என்று சொன்னேனே என்பார்கள். அடுத்து வருகிறவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உங்கள்,
வெற்றிச்செல்வி


அரியலூர்,
7.9.2024

செல்விக்கு,

ஆள் நடமாட்டமே இல்லாத பழைய பாதை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே ஏன் யாரும் நடமாடுவதில்லை? வேலி போட்டு அடைத்திருப்பதால்தானே? அதைத் தாண்டித்தானே போகிறாய்?

உனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. கைவிட்ட பாதைக்குள் நல்ல காற்று போகாது. கெட்ட காற்று நிறமும் இல்லாமல் வாசனையும் இல்லாமல் நிற்கும். பழைய காலத்து எண்ணெய் விளக்காவது அணைந்துபோய் எச்சரிக்கும். உன் தலையில் இருப்பது பேட்டரி விளக்கு, நீ விழுந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும். காற்றை அளக்கும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் போகிறேன் என்பாய். நேற்று இருந்த காற்றா இன்றைக்கும் இருக்கப்போகிறது? வேலி தாண்டுகிற தொழிலாளியைப் பிடித்து எழுதுவது உன் வேலை. அந்த வேலையில் இருந்துகொண்டு நீயே தாண்டுகிறாய்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். பெண் அதிகாரியான என் மனைவிக்கு நிலத்தடியில் கழிவறை இல்லை, உயிருக்கே ஆபத்து என்று சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மனு அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய். திட்டுவதானால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நீ உயிரோடு இருந்து திட்டினால் போதும்.

அறிவரசன்


ஜார்க்கண்ட்,
2.10.2024

திரு. அறிவரசன் அவர்களுக்கு,

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர். பெண் ஊழியருக்கு நிலத்தடியில் கழிவறை ஏன் இல்லை என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டார். கம்பெனி அன்று மாலையே பதில் கொடுத்துவிட்டது. நிலத்தடியில் இப்போது பெண் ஊழியர் யாரும் இல்லை என்று.

ஆமாம், என்னை மேலே தூக்கிவிட்டார்கள். இப்போது ஆபீஸில் உட்கார்ந்து மற்றவர்கள் கீழே போய்ப் பார்த்து வந்ததைச் சரிபார்க்கிறேன். எனக்கென்று டைல்ஸ் போட்டு, கண்ணாடி மாட்டிய கழிவறை இருக்கிறது. நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது.

வேலி தாண்டியது என் தப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் மனைவிக்கு என்று கேட்டீர்கள். அதனால்தான் மனைவியை வெளியே எடுத்ததும் பிரச்சினையும் முடிந்துபோனது. கீழே இருக்கிற ஆண்கள் அத்தனை பேரும் அதே வேலியைத் தாண்டித்தான் போகிறார்கள். அவர்களுக்கு உயிர் இல்லையா? அவர்களையும் சேர்த்து எழுதியிருந்தால் கம்பெனி எல்லாரையுமா மேலே தூக்கி உட்கார வைத்திருக்கும்? என்னைக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை.

தீபாவளிக்கு நான் வரவில்லை. கொஞ்ச நாளைக்கு எழுதவும் வேண்டாம், போன் செய்யவும் வேண்டாம். அத்தையிடம் வேலை அதிகம் என்று சொல்லிவிடுங்கள்.

வெற்றிச்செல்வி


அரியலூர்,
18.11.2024

அன்புள்ள செல்விக்கு,

எழுத வேண்டாம் என்றாய். தீபாவளி முடியும் வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். அம்மா உனக்காக எடுத்த புடவையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டது. வேலை அதிகம் என்று நான் சொன்னதை அது நம்பவே இல்லை.

நீ எழுதியது சுருக்கென்று தைத்தது. முதலில் கோபம்தான் வந்தது. உயிரைக் காப்பாற்ற நினைத்தவனுக்கு இந்தப் பேச்சா என்று இருந்தது. அந்தக் கோபத்தோடு குவாரியில் சுற்றிக்கொண்டிருந்தபோது, மண்மேட்டில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அமுதா அக்காவைப் பார்த்தேன். ஏலாக்குறிச்சிப் பக்கம், உனக்கும் தெரியும். எங்கள் குவாரியில் பெண்களுக்கென்று ஒரு கழிவறை கேபின் இருக்கிறது. நீங்கள் யாரும் அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததே இல்லையே என்று கேட்டேன். அது பூட்டிக் கிடக்கிறது என்றார். சாவி எங்கே என்றேன்.

“ஒங்க ரூம்லதான் சார் தொங்குது. ஆம்பளைங்களுக்கு நடுவுல வந்து சாவி குடுங்கன்னு எப்புடிக் கேக்குறது? வூட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்குவோம்.”

என் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது செல்வி. ஆய்வுக்கு ஆள் வந்தால் திறந்து காட்டுவோம், போனதும் பூட்டிவிடுவோம். அழுக்காகாமல் இருக்கட்டும் என்று முதலில் பூட்டச் சொன்னவனே நான்தான், அதுகூட மறந்துபோயிருக்கிறது. பூட்டை அன்றைக்கே கழற்றிவிட்டேன். ஆனால் வெட்கம் போகவில்லை. ஊரில் இருக்கிற பெண்களை அடக்கிக்கொள்ள வைத்துவிட்டு, என் மனைவிக்காக மட்டும் மனு எழுதியிருக்கிறேன். மன்னித்துக்கொள்.

இதோடு இன்னொரு மனு எழுதி வைத்திருக்கிறேன். இதில் மனைவி இல்லை, பெண் என்ற வார்த்தையே ஒரே இடத்தில்தான் வருகிறது. ஷிப்டில் இறங்கும் எல்லாருக்கும் கழிவறை வேண்டும், இல்லாததால்தான் வேலி தாண்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். கீழே கையெழுத்து போடவில்லை. நீ திருத்தலாம், அனுப்பலாம், கிழித்தும் போடலாம். உன் சுரங்கம், உன் முடிவு.

அண்ணாதுரை சாரிடம் அந்த வேலைக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் நான் செய்யும் காரியம் இதுதான் கடைசி.

அன்புடன்,
அறிவரசன்


ஜார்க்கண்ட்,
26.1.2025

அன்பு மாமாவுக்கு,

இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. நல்ல சேதியோடுதான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் சோம்ரா வேலி தாண்டினார். கூரைக்கு முட்டுக் கொடுக்கிற ஆள், நல்ல உடம்பு. நான் போய் வந்துகொண்டிருந்த அதே பாதைதான். விளக்கு அசையாமல் எரிவதைப் பார்த்துவிட்டு ஒருவர் உள்ளே ஓடியிருக்கிறார், அவரும் மண்டியிட்டு விழுந்துவிட்டார். நல்லவேளை, பின்னால் வந்தவர்கள் நிதானித்து, மூச்சுப் பெட்டியை மாட்டிக்கொண்டு போய் இருவரையும் இழுத்துவந்தார்கள். பிழைத்துக்கொண்டார்கள். அவர்களை மேலே கொண்டுவந்தபோது நான் ஆபீஸ் வாசலில் நின்றேன்.

மறுநாள் உங்கள் மனுவை இந்தியில் எழுதித் தொழிலாளர்களிடம் கொண்டுபோனேன். இதையெல்லாமா மேடம் எழுதிக் கேட்பது என்று கூச்சப்பட்டார்கள். சோம்ரா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே முதல் கையெழுத்துப் போட்டார். அப்புறம் யாரும் கூச்சப்படவில்லை. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அதிகாரியாக இருந்துகொண்டு இது தேவையா என்றார். தேவை சார் என்று சொல்லிவிட்டு அவர் மேஜையிலேயே வைத்து நானும் கையெழுத்துப் போட்டேன்.

மனுவில் ஒன்றே ஒன்று சேர்த்தேன். கழிவறை வந்தால் யார் சுத்தம் செய்வது என்ற பேச்சு வந்ததும், எந்தச் சாதித் தெருவிலிருந்து ஆள் கூப்பிடலாம் என்று ஆபீஸில் ஒருவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். தொட்டியை அப்படியே வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய் இயந்திரத்தால் காலி செய்ய வேண்டும், ஒரு மனிதரும் கையால் தொடக்கூடாது என்று எழுதினேன். உங்களுக்கும் எனக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை கம்பெனியால் யாரையும் மேலே தூக்க முடியவில்லை. பொங்கலுக்கு முன்னால் கீழே இரண்டு இடத்தில் கழிவறை வந்துவிட்டது. ஒன்றில் பெண்களுக்குத் தனிக் கதவு. என்னையும் மறுபடி நிலத்தடிக்குப் போட்டுவிட்டார்கள்.

நேற்று இறங்கியதும் அந்தப் பழைய பாதைக்குத்தான் முதலில் போனேன். வேலியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கமே நின்று விளக்கை அடித்துப் பார்த்தேன். கரித்தூசி தீப்பிடிக்காமல் இருக்க இங்கே தரையெல்லாம் சுண்ணாம்புக்கல் பொடி தூவியிருப்பார்கள், அதில் கால்தடம் அழியாமல் நிற்கும். பெரிய பெரிய பூட்ஸ் தடங்கள் கொஞ்ச தூரத்திலேயே திரும்பிவிட்டன. சோம்ரா விழுந்து கிடந்த இடமும் தெரிந்தது. ஒரு சிறிய பூட்ஸ் மட்டும் அந்த இடத்தையும் தாண்டி உள்ளே போயிருக்கிறது மாமா. யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று நான்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

அங்கேயே நின்று அழுதேன். என்னைக் கேட்காமல் நீங்கள் மனு போட்டது தப்புதான், அதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு என் கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அரியலூரில் நீங்கள் எப்படித் தவித்திருப்பீர்கள் என்று அந்தத் தடத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

வேலையை விடமாட்டேன். உங்களையும் விடமாட்டேன். மாசியில் லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். ஸ்டேஷனுக்கு நீங்களே வாருங்கள். யாரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டாம்.

உங்கள்,
செல்வி