தளபதியின் சொந்த ஊர்

வைடன்பாக்,
8 ஏப்ரல் 1945

அன்புள்ள கோன்ராட் அண்ணா,

நம் ஊரைக் காக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதை ரொட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். தங்கைக்கு ஒரு வரி எழுத நேரமில்லையா? சரணடைவதாக வெள்ளைத் துணி தொங்கும் வீட்டில் இருப்பவர்களைச் சுட்டுவிட வேண்டுமாம். கீழே 'ஜெனரல் ரௌட்டன்பெர்க்' என்று உன் கையெழுத்து.

வரிசையில் நின்ற கசாப்புக்காரர் மனைவி பெர்ட்டா எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஏன்டி ஹெட்விக், உங்கண்ணன் கழுத்துல இன்னொரு சிலுவை தொங்கணும்னா எங்க வீடெல்லாம் எரியணுமா?"

போன போரில் இருபது வயதில் நீ இரும்புச் சிலுவைப் பதக்கத்தோடு வந்து இறங்கியபோது, உன்னைத் தோளில் தூக்கியவர்களில் அவள் அப்பாவும் ஒருவர்.

அமெரிக்கர்கள் வந்தால் வரட்டும் அண்ணா. இங்கே மிச்சமிருப்பது பெண்களும் கிழவர்களும்தான்.

உன் தங்கை,
ஹெட்விக்

---

படை முகாம்,
9 ஏப்ரல்

ஹெட்விக்,

ஊரைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. முப்பது வருடப் பணியில் ஓர் உத்தரவையும் நான் மீறியதில்லை. பிரான்சிலும் ரஷ்யாவிலும் மீறாதவன், சொந்த ஊர் என்பதற்காக மீற முடியாது. இதோடு கார் வருகிறது. ஏறித் தெற்கே போய்விடு. பிடிவாதம் பிடிக்காதே.

கோன்ராட்

---

வைடன்பாக்,
10 ஏப்ரல்

அண்ணா,

கார் வந்தது. பெர்ட்டாவின் மகளுக்கு நிறைமாதம். அவளை ஏற்றி அனுப்பிவிட்டேன். "ஜெனரல் என்னைத் தொலைச்சிடுவாரும்மா" என்று உன் டிரைவர் புலம்பினான். "நான் பேசிக்கிறேன், நீ கிளம்பு" என்றேன்.

பிறகு மாடி ஜன்னலில் அம்மாவின் மேசை விரிப்பைத் தொங்கவிட்டேன். நன்றாக வெளுத்துத்தான் போட்டிருக்கிறேன். உன் அறிவிப்பு எனக்கும் சேர்த்துத்தானே? ஆளை அனுப்பாதே, நீயே வா.

ஹெட்விக்

---

போர்க்கைதிகள் முகாம்,
3 செப்டம்பர் 1946

அன்புத் தங்கைக்கு,

அன்று நான் வரவில்லை, ஆளும் அனுப்பவில்லை. படையை அடுத்த ஊரான ரோட்ஸனுக்குப் பின்வாங்கச் சொன்னேன். வாழ்நாளில் நான் மீறிய ஒரே உத்தரவு அது. உனக்காகத்தான்.

என் விசாரணை நெருங்குகிறது. நான் ஊரைக் காப்பாற்றியதாக ஊரார் எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும். இங்கே குளிர் இப்போதே தொடங்கிவிட்டது.

உன் அண்ணன்,
கோன்ராட்

---

வைடன்பாக்,
6 அக்டோபர் 1946

அன்புள்ள அண்ணா,

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள். ஊரார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெர்ட்டாகூட, "என்ன இருந்தாலும் நம்ம ஊர்க்காரரு" என்று கையெழுத்துப் போட்டாள்.

நான் போடவில்லை.

என் வீட்டு மாடியில் எல்ஸ என்ற பெண் குடியிருக்கிறாள். ரோட்ஸன்காரி. அங்கே நீ இரண்டு நாள் போரிட்டாய். "நாங்களும் வெள்ளைத் துணி தொங்கவிட்டோம்க்கா. அதுக்காகத்தான் என் வீட்டுக்காரரைச் சுட்டாங்க" என்றாள். ரோட்ஸனில் உனக்குத் தங்கை இல்லை, அவ்வளவுதான்.

நான் உயிரோடிருப்பது உன்னால். அதை மறுக்கமாட்டேன்.

நான் யாருடைய தங்கை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய் அடுப்பை மூட்டினாள்.

விடுதலையானதும் இங்கேயே வா. கதவைத் திறப்பது அவளாக இருக்கலாம்.

ஹெட்விக்